அரைமணியின் ஜாடி

ஜூன் 2

அரைமணிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கவரைக் கிழித்துப் போடாதே. பார்சலுக்குள் கண்ணாடிக் குப்பி இருக்கிறது, கையைப் பதம் பார்த்துவிடும்.

இரண்டு வருஷமாக நாம் பேசவில்லை. உன் அண்ணன் போனில் பேசச் சொன்னார். நாம் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வரும் என்பது அவருக்கும் தெரியும். எழுதினால் குறைந்தபட்சம் கடைசி வரி வரைக்கும் படிப்பாய் என்று நினைக்கிறேன்.

குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார். அடியில் சாம்பல் நிறத்தில் வண்டல் தங்கியிருக்கும். எங்கள் ஆலை வாங்கிய உன் செய்முறையில் வந்தது அது. தீக்காயத்துக்கான துணியில் பூசுவதற்கு வெள்ளித் துகள்கள், எல்லாம் ஒரே அளவில், தெளிந்த மஞ்சள் கரைசலாக வரும் என்று நீ எழுதியிருந்தாய். இங்கே ஒரு தடவைகூட அப்படி வரவில்லை. துகள் பெரிதும் சிறிதுமாக இருக்கிறது, பாதி அடியில் உட்கார்ந்துவிடுகிறது.

இருபத்தாறாம் தேதி விசாரணைக் குழு கூடுகிறது. ஆய்வுக்கூடத்துக்கு நான்தான் பொறுப்பு, அறிக்கையில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். மேனேஜர் ஒரு வாக்கியத்தைத் தயாராகவே எழுதிக் கொடுத்திருக்கிறார்: 'ஆய்வாளர் தந்த தரவுகள் உண்மையானவை அல்ல என்று கருத இடமுண்டு.' அதன் கீழே என் கையெழுத்து விழுந்தால் உன்னை எந்தக் கல்லூரியும் வாசல்படி ஏற விடாது. அது உனக்கே தெரியும்.

எங்கே தப்பு நடக்கிறது என்று சொல். சீக்கிரம் சொல்.

அண்ணி

•

ஜூன் 6

அண்ணிக்கு,

கவரைக் கிழிக்கவில்லை. கிழிக்க ஆசையாகத்தான் இருந்தது.

அந்த வாக்கியத்தை மேனேஜர் எழுதினார் என்கிறீர்கள். எனக்கென்னவோ ஏற்கெனவே கேட்ட வாக்கியமாகப் படுகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், நான் ஆசையாகக் காட்டிய நுண்ணோக்கிப் படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "இவ்வளவு அழகா, ஒரே அளவுல துகளா? படம் எடுத்தியா, வரைஞ்சியா?" அம்மாவுக்கு விஷயம் புரியவில்லை, அதனால் சிரித்தாள். அண்ணனும் சிரித்தான். நான் சாப்பிடாமல் எழுந்தது உங்களுக்குக் கோபம். என் தொழிலையே நீங்கள் கேலி செய்தது எனக்கு.

செய்முறையில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. எந்த வெப்பத்தில், எவ்வளவு வேகத்தில் கலக்க வேண்டும், எந்தப் பாட்டிலை எதில் ஊற்ற வேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது. தண்ணீருக்கும் மெழுகுக்கும் உள்ள விகிதம் ஆறு, அதாவது ஒரு மெழுகு மூலக்கூறுக்கு ஆறு தண்ணீர் மூலக்கூறு. அதை மட்டும் மாற்றக்கூடாது. ஒரு வரி விடாமல் செய்தீர்களா, அல்லது உங்கள் ஆட்களில் யாராவது அவசரத்தில் கைவைத்தார்களா என்று பாருங்கள். என் ஆய்வுக்கூடத்தில் எப்போது செய்தாலும் வருகிறது. நேற்றுகூடச் செய்தேன், மஞ்சளாகத்தான் நிற்கிறது.

குப்பியைத் திருப்பி அனுப்பவில்லை. அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது, ஆனாலும் மேஜை மேல்தான் வைத்திருக்கிறேன்.

உங்கள் நாத்தனார்

•

ஜூன் 9

அரைமணி,

'நீங்கள்' என்று எழுதுகிறாய். ஒரே பெஞ்சில் வேலை செய்தபோது 'நீ' என்றுதான் கூப்பிடுவாய். எப்போது முடியும் என்று கேட்டால், காலையானாலும் மாலையானாலும் "இன்னும் அரைமணி" என்பாய். நான் எல்லாக் குடுவையையும் மூன்று தடவை கழுவுகிறேன் என்று எனக்கு 'மூணுதடவை' என்று பெயர் வைத்தவளும் நீதான். உன் அண்ணனைக் கட்டிக்கொண்ட அன்றைக்கு 'அண்ணி' ஆனேன், சாப்பாட்டு மேஜைக்குப் பிறகு 'நீங்கள்' ஆனேன். சரி, இருக்கட்டும்.

யாரும் கைவைக்கவில்லை. நானே செய்தேன். வெப்பம் சரி, வேகம் சரி, ஊற்றும் வரிசை சரி. விகிதத்தை நானே எடைபோட்டுப் பார்த்தேன். வெள்ளி உப்பை வேறு கம்பெனியிலிருந்து வாங்கிப் பார்த்தேன். எண்ணெயை மாற்றினேன். குடுவை, பொருள் எல்லாவற்றையும் வழக்கம்போல் சுத்தமாகத்தான் தயார் செய்கிறோம். என் கூடத்தில் அதில் குறை காண யாராலும் முடியாது. திரும்பத் திரும்பச் சாம்பல்தான் வருகிறது.

மேனேஜர் இன்றைக்கு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "சொந்தக்காரங்கன்னு பாக்காதீங்க மேடம். அப்புறம் உங்களையும் சேர்த்துத்தான் பேசுவாங்க" என்றார். அவர் போன பிறகு கழுவிய குடுவையையே திரும்பத் திரும்பக் கழுவினேன், அதை உன்னிடம் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

குழுவில் மூன்று பேர். தலைமை ஒரு வக்கீல் அம்மாள். இன்னொருவர் கணக்காளர். ஒருவருக்குத்தான் கொஞ்சம் வேதியியல் தெரியும். குடுவைக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுதி அனுப்பு. நான் எழுதினால் பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிடும்.

அண்ணி

•

ஜூன் 13

அண்ணிக்கு,

நீங்கள் கேட்ட பக்கம் இதோ. வக்கீல் அம்மாளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

எண்ணெயும் தண்ணீரும் கலக்காது. நடுவில் ஒரு தரகர் வேண்டும். சோப்பு வகையைச் சேர்ந்த ஒரு பொருள்தான் அந்தத் தரகர். பார்க்க மெழுகு மாதிரி இருப்பதால் எங்கள் பேச்சில் அதற்கு 'மெழுகு' என்றே பெயர். அதன் தலை தண்ணீரைப் பிடிக்கும், வால் எண்ணெயைப் பிடிக்கும். மெழுகை எண்ணெயில் கரைத்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டால், தண்ணீர் கோடிக்கணக்கான துளிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு மெழுகுத் தோலைப் போர்த்திக்கொண்டு எண்ணெய்க்குள் நிற்கும். துளிகள் கண்ணுக்குத் தெரியாது. பாட்டில் தெளிவாக இருக்கும்.

இப்படி இரண்டு பாட்டில் செய்கிறோம். ஒன்றில் துளிகளுக்குள் வெள்ளி உப்பு. இன்னொன்றில் துளிகளுக்குள் அந்த உப்பை வெள்ளியாக மாற்றும் மருந்து. தனித்தனியாக வைத்தால் வருஷக்கணக்கில் வைத்திருந்தாலும் வெள்ளி வராது. இரண்டையும் சேர்த்து ஊற்றினால் துளிகள் ஓயாமல் ஒன்றையொன்று இடிக்கும். முக்கால்வாசி இடித்துவிட்டு விலகிப் போய்விடும். எப்போதாவது ஒரு இடியில் தோல் திறந்து, இரண்டு துளியும் ஒரு கணம் ஒன்றாகி, உள்ளே இருப்பதைக் கொடுத்து வாங்கிக்கொண்டு பிரியும். வெள்ளி பிறப்பது அந்தக் கணத்தில்தான்.

பிறந்த அணு தனியாக இருந்தால் நிலைக்காது. போதுமான அணுக்கள் ஒரே துளிக்குள் கூடினால்தான் ஒரு விதை விழும். விதை விழுந்த துளி, மற்றத் துளிகளை இடித்து இடித்து அவற்றிலிருந்து வாங்கி வளர்க்கும். மெழுகு வந்து துகளைச் சுற்றி ஒட்டியதும் வளர்ச்சி நிற்கும். துளி எவ்வளவு பெரியது, தோல் எவ்வளவு சுலபமாகத் திறக்கும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீருக்கும் மெழுகுக்கும் உள்ள விகிதம். தண்ணீர் ரொம்பக் குறைந்தால் மெழுகின் தலைகள் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும், துளிகளுக்குள் கொடுக்கல் வாங்கல் மந்தமாகும். விதை குறைவாக விழும், விழுந்ததும் கண்டபடி வளரும். நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்வது அந்த விகிதத்தின் வரைபடத்தை மட்டும்தான். விகிதம் இவ்வளவு என்றால் துகள் இவ்வளவு என்று கோடு போட்டுக் காட்டினேன். என் வேலை நிற்பதே அந்தக் கோட்டின் மேல்தான். ஆகஸ்டில் கல்லூரியில் என்னை நிரந்தரமாக்கலாமா என்று முடிவு செய்யப்போகிறார்கள்.

இத்துடன் ஒரு ஜாடி வருகிறது. என் அலமாரியிலிருந்து எடுத்த மெழுகு. நீங்கள் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தீர்கள், மெழுகை மாற்றவில்லை. இதை வைத்து ஒரு தடவை செய்யுங்கள். அப்போதும் சாம்பல் வந்தால் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

நாத்தனார்

•

ஜூன் 17

அரைமணி,

மஞ்சள் வந்துவிட்டது.

சந்தோஷப்பட முடியவில்லை. முழுக்கப் படி.

பார்சல் வந்தபோது மேனேஜர் வரவேற்பிலேயே நின்றிருந்தார். "இப்பவே, என் கண்ணு முன்னாடியே செய்யுங்க" என்றார். உட்காரக்கூட விடவில்லை. உன் ஜாடியைத் திறந்து, எடைபோட்டு, நேராகக் கரைத்துச் செய்தேன். இரண்டு பாட்டிலையும் சேர்த்ததும் நிறம் ஏற ஆரம்பித்தது. தெளிந்த மஞ்சள், ஒரு துளி வண்டல் இல்லை. நுண்ணோக்கியில் வைத்தால் உன் படத்தில் இருந்த அதே துகள்கள், எல்லாம் ஒரே அளவு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதையும் பார்த்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "நம்ம மெழுகுல வரல, அவங்க மெழுகுல மட்டும் வருது. செஞ்சு வச்ச வெள்ளிய அதுக்குள்ளயே கலந்து அனுப்பியிருந்தா?" ஜாடியை மூடி, சீல் வைத்து, தன் பீரோவில் பூட்டிவிட்டார். குழு முன்னால் திறப்பாராம். முன்பு அது 'கருத இடமுண்டு' என்கிற அளவில்தான் இருந்தது. இப்போது ஏமாற்றினாய் என்றே பேசுகிறார்கள்.

நான் உன்னை நம்புகிறேன் என்று எழுதினால் உனக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்த ஜாடியில் என்ன இருக்கிறது?

அண்ணி

•

ஜூன் 19

அந்த ஜாடியில் மெழுகு இருக்கிறது.

வேறொன்றும் இல்லை. உங்களுக்கும் எனக்கும் பொருள் சப்ளை செய்வது ஒரே கம்பெனி. அந்த ஜாடியைத் திறந்து மூன்று வருஷமாக எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறேன். ஐஸ் இயந்திரத்துக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கும், பூட்டுக்கூடக் கிடையாது. மூடி விரிசல் விட்டதால் பிளாஸ்டிக் பையைப் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். இவ்வளவுதான் அதன் ரகசியம்.

வரைஞ்சியா என்று அன்றைக்குக் கேட்டீர்கள். கலந்தியா என்று இன்றைக்குக் கேட்கிறீர்கள். அடுத்த தடவை என்ன கேட்பீர்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

எனக்கு இனி எழுதாதீர்கள்.

•

ஜூன் 21

அரைமணி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். இதைக் கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் திட்டு.

உன் கடிதத்தில் ஐஸ் இயந்திரம் என்று படித்ததும், அதன் பக்கத்தில் எப்போதும் ஈரக்காற்றுதானே என்று எனக்குப் பொறி தட்டியது. அன்றைக்கு உன் மெழுகை எடுத்தபோது கரண்டியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது, விரலால்தான் வழித்துப் போட்டேன். என் மெழுகு அப்படி ஒட்டாது, உதிரும். ஏன் உதிரும் என்று யோசித்தபோதுதான் பிடிபட்டது.

நான் அதை உலர்த்துகிறேன். வெற்றிட அடுப்பில் வைத்து, ஈரம் துளிகூட இல்லாமல் காயவைத்துத்தான் எடுப்பேன். இந்தக் கூடத்தில் எந்தப் பொருளையும் உலர்த்தாமல் தொடக்கூடாது என்று நான் போட்ட சட்டம் அது. உன் செய்முறையில் உலர்த்து என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது ஒரு வேலையாகவே தெரியவில்லை, கை கழுவுவதை யார் எழுதி வைப்பார்கள்? அதனால்தான் நீ கேட்டபோதுகூடச் சொல்லத் தோன்றவில்லை. உன் ஜாடியை மட்டும்தான் மேனேஜர் அவசரப்படுத்தியதில் உலர்த்தாமல் போட்டேன்.

ஜாடி பீரோவில் இருக்கிறது. ஆனால் அன்று எடைபோட்ட தட்டில் கொஞ்சம் மிச்சம் ஒட்டியிருந்தது, மூடி வைத்திருந்தேன். அதை ஈரம் அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தேன். உன் ஜாடியில் இருந்தது தண்ணீர், அரைமணி. பத்தில் ஒரு பங்கு தண்ணீர். விரிசல் விட்ட மூடி வழியாக உன் மெழுகு ஆரம்பத்திலேயே காற்றிலிருந்து ஈரத்தை வயிறு முட்டக் குடித்திருக்கிறது.

நீ ஏமாற்றவில்லை. துகள் உண்மை, படம் உண்மை. நான் அந்த மேஜையில் சொன்னது அநியாயம், அதை எழுத்தில் வைக்கிறேன்.

ஆனால் நீ இந்நேரம் கணக்குப் போட்டிருப்பாய். நானும் போட்டேன். ஆறு என்று நீ எழுதிய இடத்தில் உண்மையில் ஒன்பதுக்கு மேல் இருந்திருக்கிறது. நீ ஊற்றிய தண்ணீரை மட்டும் எண்ணினாய், மெழுகுக்குள் ஏற்கெனவே இருந்ததை எண்ணவில்லை. நான் சொட்டு ஈரம் இல்லாத மெழுகில் ஆறு வைத்தேன், துளிகளுக்குத் தண்ணீர் போதவில்லை. உன் கோட்டில் ஒரு புள்ளிகூட அதன் இடத்தில் இல்லை.

இருபத்தாறாம் தேதி காலை அறிக்கை கொடுக்க வேண்டும். என்ன எழுதுவது என்று நீ சொல்.

அண்ணி

•

ஜூன் 23

அண்ணி,

நான்கு தடவை படித்தேன். ஜாடியை உங்களுக்கு அனுப்பும்போது எனக்கென்று கொஞ்சம் மெழுகை அலமாரியில் எடுத்து வைத்திருந்தேன், அதை நானும் அளந்தேன். நீங்கள் சொன்னது சரி.

துகள் எனக்கு முக்கியமில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. அந்தக் கோடுதான் நான். ஆகஸ்டில் அவர்கள் முன்னால் நான் வைக்கப்போவது அதைத்தான். அதிலுள்ள எண்கள் தப்பு என்று தெரிந்தால், ஈரம் பார்க்கக்கூடத் தெரியாதவள் என்று சிரிப்பார்கள். முதல் வருஷ மாணவிகூட ஜாடியை மூடி வைப்பாள்.

கெஞ்சிக் கேட்கிறேன். எண்ணைப் பற்றி எழுதாதீர்கள். உலர்த்தாத மெழுகில் செய்முறை வேலை செய்கிறது என்று மட்டும் எழுதுங்கள், அது பொய்யில்லை. மீதியை ஆகஸ்ட் தாண்டியதும் நானே சரிசெய்துகொள்கிறேன்.

இதை எழுதி முடித்த பிறகுதான் உங்கள் பக்கம் உறைத்தது. உலர்த்தியது நீங்கள் என்று எழுதினால், இத்தனை மாதம் வீணான சரக்கெல்லாம் உங்கள் தலையில் விழும். செய்முறையில் இல்லாததைச் செய்துவிட்டுப் பதிவும் செய்யவில்லை என்பார்கள். அந்த மேனேஜர் உங்களைச் சும்மா விடமாட்டார். அதையும் எழுதாதீர்கள். பிறகு என்னதான் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அரைமணி

•

ஜூன் 28

அரைமணி,

உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்கு அளவில்லை. வருவதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?

இருபத்தாறாம் தேதி காலை அறிக்கையைக் கொடுத்துவிட்டு மாடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். நான் எழுதியது இவ்வளவுதான்: செய்முறையில் இல்லாமல் மெழுகை உலர்த்தியது நான், பதிவு செய்யாததும் நான், வந்த சாம்பலுக்கெல்லாம் நானே பொறுப்பு, ஆய்வாளர்மேல் ஒரு குறையும் இல்லை. எண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை. நீ கெஞ்சினாயே, அதற்காக. எழுதும்போது மனசு உறுத்தியது, இருந்தாலும் எழுதினேன்.

பதினொரு மணிக்குக் குழு கூடிய அறையின் கதவு திறந்து நீ வெளியே வருகிறாய். கனவு காண்கிறேனோ என்று நினைத்தேன். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனாய். உடனே என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

வக்கீல் அம்மாள் என் அறிக்கையை ஒரு கையிலும், நீ சொன்னதை எழுதிக்கொண்ட தாளை இன்னொரு கையிலும் வைத்திருந்தார். "உங்க நாத்தனார் வந்து, என் மெழுகுல ஈரம் இருந்துச்சு, நான் எண்ணல, நான் அச்சுல போட்ட எண்ணே தப்பு, தப்பு முழுக்க என்னோடதுங்கறாங்க. நீங்க உலர்த்துனீங்களான்னு கேட்டா, எனக்குத் தெரியாதுங்கறாங்க. நீங்க என்னடான்னா, உலர்த்துனது நான்தான், அவங்கமேல ஒரு குறையும் இல்லன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டுல எத வச்சாலும் கணக்கு இடிக்குது. ரெண்டையும் பக்கத்துல வச்சாத்தான்மா விஷயமே வருது." அவர் சிரிக்கவில்லை. கணக்காளர்தான் சிரித்துவிட்டார்.

மேனேஜர் ஜாடியைத் திறக்கச் சொன்னார். வேதியியல் தெரிந்தவர் ஈரத்தை அளந்தார், வெள்ளி இருக்கிறதா என்றும் சோதித்தார். இல்லை. பிறகு என் மெழுகையே உலர்த்தி, விகிதத்தை ஒன்பதுக்கு மேல் வைத்து என்னைச் செய்யச் சொன்னார்கள். எல்லார் முன்னாலும் மஞ்சள் வந்தது. மேனேஜரின் வாக்கியத்தைக் குறுக்கே அடித்துவிட்டார்கள்.

எனக்கு எழுத்துபூர்வக் கண்டனம். ஆய்வுக்கூடப் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள், பெஞ்சில் வேலை செய்யலாம் என்றார்கள். பரவாயில்லை, பெஞ்சுதான் எனக்குப் பிடிக்கும் என்று உன் அண்ணனிடம் சொல்லிவிட்டு, குளியலறையில் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

ஒன்றைச் சொல். எழுதாதே என்று கெஞ்சியவள் எதற்காக இத்தனை தூரம் வந்து நீயே சொன்னாய்?

அண்ணி

•

ஜூலை 1

மூணுதடவைக்கு,

எதற்காக என்று கேட்கிறாய். கடிதத்தைப் பெட்டியில் போட்ட கையோடு எனக்குத் தெரிந்துவிட்டது, நான் கேட்டதற்காக நீ எண்ணை மறைத்துவிடுவாய் என்று. ஒரு குடுவையில் சொட்டு அழுக்கு இருந்தால் தூங்காதவள் நீ. உன்னைப் போய் மறைக்கச் சொல்லியிருக்கிறேனே என்று நினைத்தபோது சோறு இறங்கவில்லை. ரயிலேறிவிட்டேன். வராந்தாவில் உன் முகத்தைப் பார்த்து நிற்கத் தெம்பில்லை, அதனால்தான் ஓடினேன்.

எங்கள் துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டேன். ஆகஸ்டில் என்னை வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. பயமாகத்தான் இருக்கிறது. கோட்டை வெளியிட்ட ஆய்வுப் பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி முடித்திருக்கிறேன். எல்லாப் புள்ளியையும் அதன் இடத்துக்கு நகர்த்தியாயிற்று, கோடு முன்பைவிடக் கொஞ்சம் கோணலாக இருக்கிறது. உலர்த்திய மெழுகில் நீ செய்ததும் அதில் வர வேண்டும், அதனால் திருத்தத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயரையும் போட்டிருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லாதே, ஏற்கெனவே அனுப்பிவிட்டேன்.

புது ஜாடி வாங்கிவிட்டேன். மூடி நன்றாக இறுகுகிறது. உன் சாம்பல் குப்பி இன்னும் என் மேஜை மேல்தான் இருக்கிறது, அதை நான் தூக்கிப் போடப்போவதில்லை.

இனிமேல் எனக்குக் காகிதத்தில் எழுதாதே, சாயங்காலம் போன் பண்ணு. மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்தாலும் போனை வைத்துவிடாதே, நாலாவதையும் சொல். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அரைமணி